பிரோஷ்காவின் முகம் இருந்த இடம்

கனடாவின் ஹாமில்டன் நகர ஹங்கேரியர் சங்கத்தின் பெரிய கூடத்தில் தொங்கும் படத்தின் நடுவிலிருந்த ஓட்டை வழியாக நாற்பத்து மூன்று வருடம் காற்று வீசியது. படத்துக்குப் பின்னால் இருந்தது செங்கல் சுவர். அக்டோபரிலும் நவம்பரிலும் கொஞ்சம் பலமாக வீசும். மற்ற மாதங்களில் மேசைவிரிப்பின் ஓரம் ஆடுகிற அளவுக்கு. கரிப்புகையும் ஈரக் கல்லும் மணக்கும், சில நாள் புது ரொட்டியும். கோடைப் புழுக்கத்தில் சீட்டாட வருகிறவர்கள் அந்தப் பக்கத்து மேசைக்கு அடித்துக்கொள்வார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் குறையில்லை, படத்தைத்தான் கவனிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் போனார். சங்கத்தின் நடப்புப் புத்தகத்தை இத்தனை வருடமும் எழுதியவன் நான். காற்று வீசிய நாட்களைக் குறிப்பதை இரண்டாம் மாதமே விட்டுவிட்டேன். வீசாத நாள் இருந்தால்தானே குறிப்பதற்கு.

படத்தை வரைந்தவள் எட்டெல்கா. அவள் புடாபெஸ்டைப் பார்த்தவள் அல்ல. அப்பாவும் அம்மாவும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் கப்பலேறி வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கே, இரும்பாலைக்கு மூன்று தெரு தள்ளி. அம்மா பேசிய கிராமத்துப் பேச்சுத்தான் அவளுக்கு வாய்த்த ஹங்கேரிய மொழி, அதுவும் முப்பது வருடத்துக்கு முந்தையது. ஐம்பத்தேழு குளிர்காலத்தில், ரஷ்ய டாங்கிகளை எதிர்த்து ஐம்பத்தாறில் நடந்த எழுச்சியில் அடிபட்டு எல்லை தாண்டியவர்கள் கூட்டங்கூட்டமாக இந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். பழைய ஆட்கள் தங்கள் வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்தார்கள். கொடுத்த கை காயும் முன்பே சண்டையும் தொடங்கிவிட்டது. பழைய ஆட்கள் புதியவர்களைப் பார்த்து, கல்லெறியத் தெரியும், கரண்டி பிடிக்கத் தெரியாது என்றார்கள். புதியவர்கள் பழையவர்களைப் பார்த்து, பஞ்சத்துக்கு ஓடிவந்தவனெல்லாம் எங்களுக்குப் பெரிய மனுஷனா என்றார்கள். எட்டெல்கா வாயைத் திறந்தாலே புதுப் பையன்கள் சிரிப்பார்கள். "உன் பேச்சுக்குப் பூஞ்சை பிடிச்சிருக்கு, வெயில்ல காயப்போடு" என்று ஒருவன் சொன்னான். அவள் அவன் தட்டிலிருந்த கறியை எடுத்துக்கொண்டு போய் நாய்க்குப் போட்டாள். அவள் அப்படிப்பட்டவள்.

ஐம்பத்தெட்டாம் வருடத் திராட்சை அறுவடை நடனத்தில்தான் பர்னபாஷ் அவளிடம் மாட்டினான். அந்த நடனத்தன்று கூடத்தின் கூரையெங்கும் கயிறு கட்டித் திராட்சைக் குலைகளைத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். ஆடிக்கொண்டே கையை உயர்த்தித் திருட வேண்டும்; காவலுக்கு நிற்கும் பெண்கள் பிடித்துவிட்டால் கூடத்தின் நடுவில் நிறுத்தித் தண்டனை. பர்னபாஷுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, கரியுலையில் வேலை, கையெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தழும்பு. அவன் ஒளிந்து திருடவில்லை. நேராக நடந்துபோய் ஒரு குலையைப் பறித்து, சுவரைப் பார்த்து நின்று தின்றான். எட்டெல்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். அவன் திரும்பினான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். அவளும் திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாருமில்லை. "திருடறதுதான் திருடற, பிடிச்சவ மூஞ்சியைப் பாத்தாவது முழி" என்றாள் அவள். அவன் அப்போதும் தோளுக்குப் பின்னால்தான் பார்த்தான். இவனை எப்படியாவது என்னைப் பார்க்க வைக்கிறேன் என்று அவள் அன்றைக்கே மனதுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் கல்யாணம்.

பாதிரியார் முன்னாலும் அவன் அவளைப் பார்க்கவில்லை. நல்லவன்தான், குடியில்லை, கை நீட்டமாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவான். மகள் வில்மா பிறந்தபோது தொட்டிலை அவனே செய்தான். ஆனால் சூப் கிண்ணத்தை நீட்டும்போதும், சண்டை போடும்போதும், அவள் புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போதும் அவன் கண் அவள் தோளுக்கு ஒரு சாண் பின்னால் போய் நிற்கும். அங்கே இருந்தது என்னவென்று எட்டெல்கா கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. அங்கே இருந்தது பதின்மூன்று நாள். ஐம்பத்தாறு அக்டோபர் இருபத்து மூன்றிலிருந்து நவம்பர் நான்கு வரை. மனிதனுக்கு அதற்கு முன்னால் வாழ்க்கை இருந்ததாகவும் தெரியவில்லை, அதற்குப் பிறகு இருப்பதாகவும் தெரியவில்லை. புதிய ஆட்கள் சங்கத்தில் கூடினால் அந்தப் பதின்மூன்று நாளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெண்டாட்டிகள் வெளியே நின்று பாத்திரம் கழுவ வேண்டியதுதான். எட்டெல்காவுக்கு வயிறு எரிந்தது. "பதிமூணு நாளை வருஷக்கணக்கா மெல்லறானுங்க, மாடுகூட இப்படி அசைபோடாது" என்று அடுக்களையில் சொல்வாள். சொல்லிவிட்டு, கதவிடுக்கில் காது வைத்துக் கேட்பாள்.

அறுபத்து மூன்றில் எழுச்சியின் நினைவுநாளுக்கு மேடைத் திரை வேண்டுமென்று தலைவர் காஸ்மேர் அவளிடம் கேட்டார். காஸ்மேர் எழுச்சியின் மூன்றாம் நாளே ஆஸ்திரிய எல்லையில் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அவர் பேச்சில் துப்பாக்கிச் சத்தம் அதிகம். எட்டெல்காவின் கையில் படம் வரும். ஈஸ்டர் முட்டைகளுக்கும் நாடகத் திரைகளுக்கும் அவள்தான். ஆனால் புடாபெஸ்ட்? அவள் புருஷனிடம் கேட்டாள். அவன் சூப் குடித்து முடித்துவிட்டு மூன்று வாக்கியம் சொன்னான். "டிராம் கவுந்து கிடந்துச்சு. ரொட்டிக்கு வரிசையில நின்னவங்கள சுட்டாங்க. எனக்குப் பின்னால பிரோஷ்கா நின்னா." அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். ஐந்து வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பெண் பெயர், அவளுடையதையும் வில்மாவுடையதையும் தவிர. சக்களத்திக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பத்தொன்பது வயதில் செத்தவள் என்பதைப் பிறகு கதவிடுக்கில் கேட்டுக்கொண்டாள்.

அந்த மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவள் பன்னிரண்டடி கூடாரத் துணியை நிரப்பினாள். அவன் சொன்னது ஒரு பிடி, சொல்லாதது ஒரு வண்டி, இரண்டையும் வரைந்தாள். டிராம் கூரைகளுக்கு மேலே மல்லாக்க மிதந்தது, பயணிகள் டிக்கெட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிக்கு நின்றவர்களுக்குத் தலை இருக்கும் இடத்தில் ரொட்டி இருந்தது. டான்யூப் ஆறு ஒரு வீட்டு மாடிப்படியில் ஏறி மூன்றாம் மாடியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. சர்வாதிகாரியின் சிலையை அறுத்துத் தள்ளிய பிறகு பீடத்தில் மிஞ்சிய இரண்டு வெண்கல பூட்ஸுக்குள் கோழிகள் அடைகாத்தன. நடுவில், நமக்கு முதுகைக் காட்டி, ஒரு கையைப் பின்னால் நீட்டியபடி பர்னபாஷ். அவன் வலப்பக்கம் ஓரடி பின்னால், நம்மைப் பார்த்தபடி பிரோஷ்கா. அவள் தலைக்குப் பின்னால் சிவப்பு, வெள்ளை, பச்சைக் கொடி விரிந்திருந்தது. பிற்காலத்தில் டொராண்டோவிலிருந்து வந்த ஓவியப் பண்டிதர்கள் இதற்கு சர்ரியலிசம் என்று பெயர் சொன்னார்கள். "தெரியாததால அப்படி வரைஞ்சேன்" என்றாள் எட்டெல்கா. அதையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

பிரோஷ்காவின் முகத்துக்கு மட்டும் பதினோரு நாள் ஆனது. பொறாமைக்காரிக்குத்தான் எதிரியின் அழகு முழுசாகத் தெரியும் என்பார்கள். தன்னிடம் இல்லாததையெல்லாம் அவளுக்குக் கொடுத்தாள். கழுத்து, புருவம், எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போன்ற உதடு. நினைவுநாள் காலையில் திரையை மாட்டி ஏணியிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தாள். ஐயோ, இதை நானே செய்தேனே, இன்றைக்கு சாயங்காலம் அவன் வந்து இவளைக் கண்ணாரப் பார்க்கப் போகிறானே! அடுக்களைக்கு ஓடினாள், கோழி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள், ஏணியில் ஏறினாள், அந்த முகத்தை வட்டமாக வெட்டி எடுத்தாள். அடுப்பில் போட்டாள். எரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிக் கூடத்துக்கு வருவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள், இருநூறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

இருநூறு பேரும் கண்டது கொடியின் நடுவில் ஓர் ஓட்டை. ஐம்பத்தாறில் கொடியின் நடுவிலிருந்த அரசுச் சின்னத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, அந்த ஓட்டைக் கொடியோடுதான் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். எங்களுக்கு அந்த ஓட்டையைவிடப் புனிதமான பொருள் இல்லை. தொப்பிகள் இறங்கின. யாரோ தேசிய கீதத்தைத் தொடங்க, உலைக்களத்து ஆண்கள் எல்லாம் குழந்தைகள் மாதிரி தேம்பினார்கள். பழைய ஆட்களும் புதிய ஆட்களும் கட்டிக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை. கத்தரிக்கோலும் கையுமாக நின்ற எட்டெல்காவுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். காஸ்மேர் அவள் கையை முத்தமிட்டு, "படத்தைத் துணிஞ்சு வெட்டினியேம்மா, எங்க நெஞ்சையே வெட்டிக் காட்டிட்ட" என்றார். அந்தச் சந்தடியில்தான் ஓட்டையிலிருந்து காற்று வர ஆரம்பித்து மேசைமேல் இருந்த மெழுகுவர்த்திகள் அணைந்தன. பர்னபாஷ் கடைசியாக, வேலை உடுப்போடு ஓடிவந்தான். ஓட்டையைப் பார்த்தான். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அதன் முன்னால் உட்கார்ந்தான்.

இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தான். வேலை முடிந்ததும் நேரே சங்கம். ஒரு மணி நேரம் காற்றில் உட்கார்ந்துவிட்டுத்தான் வீடு. திரை நிரந்தரமாக அங்கேயே தங்கிவிட்டது. ரொட்டித் தலைகளிலிருந்து உதிர்ந்த துணுக்குகளைச் சனிக்கிழமைதோறும் கூட்டித் தள்ளுவோம். வசந்தத்தில் ஆறு பெருகினால் படத்தின் கீழ் விளிம்பில் வாளி வைப்போம். அது ஒரு வேலை, அவ்வளவுதான். எட்டெல்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. முகத்தை எடுத்தால் தொலைந்தாள் என்று நினைத்தாள். முகம் போனபிறகு அவள் ஊருக்கே சொந்தமாகிவிட்டாள். ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லோரும் வரிசையில் வந்து தன் சக்களத்தியின் கழுத்துக்கு மேலே தலைவணங்கிவிட்டுப் போவதைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வில்மா வளர்ந்து, ஹங்கேரிய மொழியை வாயில் சுடுகிழங்கு வைத்தவள் மாதிரி பேசக் கற்று, ஒரு நாள் அம்மாவிடம் கேட்டாள்.

"செத்துப்போனவ மேல உனக்கு என்னம்மா இவ்வளவு பொறாமை?"

"உயிரோட இருந்தா பரவாயில்லடி. வயசாகும், பல்லு விழும், அவன் வீட்டுக்கு வந்துருவான். செத்தவளுக்குப் பத்தொம்பது வயசோட எல்லாம் நின்னுபோச்சே, நான் எங்க போய் முட்டிக்கறது?"

தொண்ணூற்றொன்றில் பர்னபாஷின் நுரையீரல் கைவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பகல் முழுதும் கண்ணை மூடிக் கிடந்தவன், ஒரு மத்தியானம் அவள் உதட்டில் தண்ணீர் நனைக்கும்போது, "அவ முகம் எனக்குத் தெரியாது, எட்டெல்கா" என்றான்.

"எவ முகம்?" என்றாள், தெரியாதவள் மாதிரி.

"பிரோஷ்கா. ப்ராத்தர் தெரு ரொட்டிக்கடைக்காரர் பொண்ணுன்னு சொன்னாங்க. மூணு நாள் எனக்குப் பின்னால நின்னு பெட்ரோல் பாட்டில் எடுத்துக் குடுத்தா. நான் கையை மட்டும் பின்னால நீட்டுவேன். முன்னால டாங்கி நிக்கும்போது எவன் திரும்பிப் பாப்பான்? நாலாம் நாள் கையை நீட்டறேன், பாட்டில் வரல."

"அப்பவாவது திரும்பினியா?"

"ஓடிட்டேன். முன்னால பாத்து ஓடினவன்தான், வியன்னா வரைக்கும் திரும்பல. அப்புறம் யார் எதிர்ல நின்னாலும் அவங்களுக்குப் பின்னால யார் நிக்கறாங்கன்னு பாக்கற பழக்கமாயிடுச்சு. நீ அவ முகத்தை வரையறேன்னு கேள்விப்பட்டு அன்னைக்கு ஓடிவந்தேன். ஓட்டை இருந்துச்சு."

"நான் வரைஞ்சது அவ முகம் இல்லடா மடையா, என் கற்பனை."

"இருக்கட்டும். ஏதோ ஒரு முகம் இருந்தா போதும்னு இருந்துச்சு" என்றான். இதைச் சொன்னபோதும் அவன் பார்த்தது ஜன்னலைத்தான். இரண்டு நாளில் போய்விட்டான்.

காதலி என்று நினைத்தவள் காதலி இல்லை என்று தெரிந்ததும் எட்டெல்காவுக்கு மனம் ஆறியிருக்கும் என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இழவு வீட்டில் அவள் கேட்டது இது: "முகமே பாக்காதவளுக்காக முப்பத்தஞ்சு வருஷம் உருகியிருக்கான். தினம் மூணு வேளை இந்த மூஞ்சி எதிர்ல நின்னுச்சே, இதை என்னன்னு நினைச்சான்?" அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம், படத்திலிருந்த பர்னபாஷின் வலது காது தெரிய ஆரம்பித்தது. அதுவரை பிடரிதான் தெரிந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் கன்னத்து எலும்பு தெரிந்தது, அதற்கடுத்த வருடம் இமையின் நுனி. வருடத்துக்கு இரண்டு விரற்கடை, சில வருடம் கொஞ்சம் குறைவு. தச்சன் ஒருவர் அளந்து, இந்த வேகத்தில் போனால் ஐம்பதாம் நினைவுநாளுக்குள் அவன் பார்வை பிரோஷ்கா நிற்கும் இடத்தில் போய் விழும் என்றார். செத்த பிறகாவது திரும்பிப் பார்க்கிறானே என்று ஊரே நெகிழ்ந்தது. எட்டெல்கா வாரம் ஒரு தடவை வந்து அந்தக் கன்னத்தை முறைத்துவிட்டுப் போனாள். எனக்காகத் திரும்பாத கழுத்து அவளுக்காகத் திரும்புகிறதா என்று அடுக்களையில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள்.

இதற்கிடையில் வில்மா புடாபெஸ்டுக்குப் போனாள். நாடு திறந்துவிட்டது, எல்லோரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய சுடுகிழங்குப் பேச்சோடு ப்ராத்தர் தெருவில் கதவு கதவாகத் தட்டி, கடைசியில் பிரோஷ்காவின் தம்பியைக் கண்டுபிடித்து ஒரு போட்டோவோடு திரும்பினாள். எட்டெல்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். குட்டையான பெண். இடது கண்ணில் மாறுகண். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, அதை மறைக்கத் தெரியாத சிரிப்பு, மாவு ஒட்டிய மேலங்கி. "இவளா!" என்றாள். "அடப்பாவி, இவளுக்கா நான் பதினோரு நாள் கழுத்து வரைஞ்சேன்!" அன்றைக்குப் பகல் பூராவும் சந்தோஷமாக இருந்தாள், பாட்டுகூடப் பாடினாள். சாயங்காலம் போட்டோவை மறுபடி எடுத்தவள், அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதுதான் என்பதை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டவள் மாதிரி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுததற்காக பிரோஷ்காவின் மேல் இன்னும் கோபம் வந்தது.

ஐம்பதாம் வருடம் நெருங்கியது. படத்தில் பர்னபாஷின் மூக்கு நுனி முழுசாகத் தெரிந்தது, கண் திறந்திருந்தது. சில மாதத்தில் அவன் பார்வை ஓட்டைக்குள் விழப்போகிறது, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அதற்குக் காரணம் யார் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து, ஓட்டையை அடைத்து முகம் வரைய அனுமதி வேண்டும் என்றாள். காஸ்மேருக்கு அப்போது எண்பது வயது, காது மந்தம், குரல் மட்டும் குறையவில்லை.

"ஓட்டையை அடைக்கறதா? எட்டெல்கா, அது நம்ம கொடி! அதுல கை வெச்சா என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்!"

"அது கொடி இல்ல காஸ்மேர். அங்க ஒரு பொண்ணு முகம் இருந்துச்சு. என் புருஷன் அவளைப் பாத்துருவானேன்னு வயித்தெரிச்சல்ல கோழிக் கத்தரியால வெட்டி அடுப்புல போட்டேன். நீங்க நாப்பத்துமூணு வருஷமா கும்பிடறது என் பொறாமையை."

கூடம் கைதட்டத் தொடங்கியது. எவ்வளவு அடக்கம் பாருங்கள், இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு அதைத் தன் குறையாகச் சொல்லுகிறாளே என்று பக்கத்து மேசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு ஒரு கேடயம் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான்தான். எனக்கும் கண் கலங்கியிருந்தது, வெட்கமாக இருக்கிறது இப்போது.

இரண்டாயிரத்து ஆறு அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி காலையில், பெண்கள் அடுக்களையில் கறியும் அரிசியும் பொதிந்த கோஸ் உருண்டைகளை அண்டாவில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, எட்டெல்கா உள்ளே போய்க் கூடத்துக் கதவைத் தாழிட்டாள். கூட இருந்தது வில்மா மட்டும். எழுபத்தொரு வயதுக்காரி ஏணியில் ஏறினாள். புதுத் துணி வட்டத்தை ஓட்டையின்மேல் வைத்தால் காற்று பிடுங்கி எறிந்தது. வில்மா இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடிக்க, சாக்குத் தைக்கிற ஊசியால் சுற்றிலும் தைத்தாள். பிறகு கரியை எடுத்தாள். புருவம் வந்தது, மூக்கு வந்தது, முகவாய் வந்தது. வில்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இது நீ."

"நான்தான். பத்தொம்பது வயசு நான். என்ன இப்ப?"

"அவர் பாக்கணும்னு நினைச்சது..."

"எவளைன்னு எனக்குத் தெரியும், நீ சொல்லித் தர வேண்டாம். ஐம்பது வருஷம் காத்திருந்திருக்கேன். திரும்பறவன் என்னைப் பாத்துட்டுப் போகட்டும்."

இரண்டு படி இறங்கித் தன் முகத்தைப் பார்த்தாள். அதற்கு ஒரு சாண் தள்ளி அவன் கண் திறந்து காத்திருந்தது. பார்த்தவள் திடீரென்று, "ஐயையோ" என்றாள். "இதைப் பாத்துட்டு இவதான் பிரோஷ்கான்னு நினைச்சுக்குவான்டி! அவ முகம் தெரியாதவன்தானே? என் மூஞ்சியைப் பாத்து அவ பேரைச் சொல்லுவான்! என் மூஞ்சிக்கு அவ பேரா? செத்தாலும் விடமாட்டேன்." கந்தலை எடுத்துக் கரியைத் துடைத்து எறிந்தாள். பையிலிருந்து போட்டோவை எடுத்து ஏணிக் கம்பில் குத்திவைத்தாள். அரைமணி நேரம் சாயமும் தூரிகையுமாக வரைந்தாள். மாறுகண்ணை விடவில்லை, பல் சந்தை விடவில்லை, மூக்கின் மேலிருந்த மச்சத்தைக்கூட விடவில்லை; எல்லாம் தெளிவாகத் தெரியட்டும் என்றாள். கழுத்தைக் குட்டையாக்கினாள். கடைசித் தீற்றல் விழுந்ததும் காற்று நின்றது. நாற்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு கூடத்தில் கடிகாரச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தபோது நாங்கள் முந்நூறு பேர். ஓட்டையைக் காணோம். கொடியின் நடுவில் மாறுகண்ணோடு ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "துரோகம்!" என்று காஸ்மேர் கத்தினார். ஒருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டார். ஏணியின் கீழே நின்ற எட்டெல்காவை எல்லோருமாகச் சூழ்ந்துகொண்டோம், நல்ல வார்த்தை ஒன்றும் எங்கள் வாயில் வரவில்லை. அப்போது ரொட்டித் தலைகள் வரிசையாகத் திரும்புவதை முதலில் பார்த்தவள் வில்மா. பர்னபாஷ் மிச்சமிருந்த இரண்டு விரற்கடையையும் ஒரேயடியாகத் திரும்பினான். பிரோஷ்காவின் முகத்தைப் பார்த்தான். ஒரு கிண்ணம் சூப் குடிக்கிற நேரம் பார்த்தான். பின்னால் நீட்டியே இருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. அவன் அவளிடம் ஏதோ சொன்னான். படத்தில் சொன்னது வெளியே கேட்காது. அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். எட்டெல்கா தூரிகையை இறுக்கிப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்து நின்றாள். பார்க்கச் சகிக்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

எல்லாம் முடிந்தது, அவன் அங்கேயே நின்றுவிடுவான் என்றுதான் நினைத்தோம். தச்சனும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அவன் நிற்கவில்லை. பிரோஷ்காவைத் தாண்டித் திரும்பிக்கொண்டே வந்தான். தோள் வந்தது, மார்பு வந்தது, நாங்கள் அந்தப் படத்தில் ஒருநாளும் பார்த்திராத முழு முகமும் வந்தது. முந்நூறு தலைகளுக்கு மேலாகத் தேடி, கையெல்லாம் சாயமாக நின்ற கிழவியைக் கண்டுபிடித்து, அவள் முகத்தைப் பார்த்தான். தோளுக்குப் பின்னால் அல்ல, முகத்தை. வில்மா அம்மாவின் முதுகைத் தொட்டாள். எட்டெல்கா நிமிர்ந்தாள். வாய் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தோம்.

"என்ன முறைக்கிற?" என்றாள். "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா? நான் கிழவியாகற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்த?" கத்தினாள், திட்டினாள், கிராமத்துப் பேச்சில் எங்களில் பலருக்குப் புரியாத வசவெல்லாம் வந்தது. அவன் கண்ணை எடுக்கவில்லை. அவள் கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மேலங்கியை நேராக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் திட்டினாள். பிறகு குரல் இறங்கி, "சாப்டியா?" என்று கேட்டாள். காஸ்மேர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். யாரோ அடுப்பு நினைவு வந்து ஓடினார்கள். கோஸ் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது, சாப்பிட்டோம்.

ஓட்டை அடைபட்டதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. கொடியின் நடுவில் பிரோஷ்கா இருக்கிறாள், வருகிற பிள்ளைகள் அவள் பெயரைக் கேட்கிறார்கள், சொல்கிறோம். பர்னபாஷ் கூடத்தைப் பார்த்தபடி நிற்கிறான். செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்கு எட்டெல்கா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருகிறாள். அன்றைக்கு அந்தச் சுவருக்கு எதிரே வேறு எந்தப் பெண்ணும் நிற்கக் கூடாது. போன மாதம் படத்தைப் பார்க்க வந்த ஒரு வெளியூர்க்காரி, அறுபது வயதிருக்கும், அவர் என்னைத்தான் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டாள். எட்டெல்கா அவள் கையிலிருந்த காப்பிக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.